எங்கள் கதவில் நான் எழுதியது

குரிடிபா,
22 மார்ச் 1960

அன்புள்ள நஜ்லாவுக்கு,

அராக்ஸி எழுதுவது. நீயும் உன் அம்மா வதாத் அத்தையும் நன்றாக இருக்க வேண்டும், உன் அப்பா நஜீப் மாமாவின் கால் வலி குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குக் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதானால் இந்த முதல் பத்தியைப் படித்துவிட்டுக் கிழி.

ஏப்ரல் இரண்டாம் தேதி, சனிக்கிழமை காலை, என் அப்பா சாவோ பாலோவில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். கையில் அளவு டேப்பும் தாளும் பென்சிலும் இருக்கும். நஜீப் மாமாவின் வலது காலுக்குச் செருப்பு தைக்க அளவெடுக்க வருகிறார். "நீ இந்த ஊரில் கால் வைத்தால், என் அப்பாவை அந்தக் கூட்டத்துக்குச் சுட்டிக்காட்டிய கையை ஒடிப்பேன்" என்று உன் அண்ணன் ஃபாரிஸ் எழுதியிருக்கிறார். அவர் சொன்னால் செய்வார் என்று எனக்குத் தெரியும். ஆனால் சுட்டியது அப்பாவின் கை இல்லை, நஜ்லா. யாருடைய கை என்பதைக் கொஞ்சம் பின்னால் எழுதுகிறேன். இப்போதே எழுதிவிட்டால் மீதியை எழுதத் தைரியம் வராது.

எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். கடைக்கு ஆள் வந்தால் நான் தையல் மெஷினுக்குப் பின்னால் போய்விடுவேன். "அராக்ஸிக்கு நாக்குக்குப் பதிலா ஊசி வச்சுப் படைச்சுட்டான்" என்று நஜீப் மாமா கேலி செய்வார். அம்மா போனபின், பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு அந்த மெஷினில் உட்கார்ந்தேன். கன்னியர் பள்ளியிலிருந்து நீ கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களால்தான் இவ்வளவாவது எழுத வருகிறது. உன்னிடமிருந்து வாங்கிய எழுத்தால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நம் இரண்டு கடைகளுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஆனால் உங்கள் துணிக்கடைக்குள் அப்பா ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. உங்கள் வாசலுக்கு மேலே இருந்த போர்டுதான் காரணம். "துருக்கன் கடை, விலை மலிவு." நஜீப் மாமா தானே எழுதி மாட்டியது. ஊரில் உங்களையும் எங்களையும் ஒரே பெயரில்தான் கூப்பிட்டார்கள், முதன்முதலில் கப்பலில் வந்தவர்கள் காகிதத்தில் துருக்கி முத்திரை இருந்ததாம். மாமா அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே வாங்கிப் போர்டில் மாட்டி வியாபாரம் செய்தார். அப்பா நடுரோட்டில் நின்றே பேசுவார். ஒருநாள் மாமா கேட்டது உனக்கு நினைவிருக்கும்.

"யோவ் செத்ராக், பேரு அவன் வச்சான், வியாபாரம் எனக்கு நடக்குது. உனக்கு எங்கய்யா வலிக்குது?"

"உனக்கு அது வெறும் பேரு, நஜீப். எனக்கு அது எங்க வீட்டுக்குள்ள கத்தியோட வந்த ஆளு."

அதற்குப் பிறகு மாமா அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஆனால் போர்டையும் எடுக்கவில்லை.

சின்ன வயதில் நாம் இரண்டு வீட்டையும் ஒன்று என்றுதான் நினைத்தோம். திராட்சை இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டுவதில் எலுமிச்சை எவ்வளவு பிழிய வேண்டும் என்பதுதான் உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் உள்ள ஒரே வித்தியாசம் என்று நினைத்தோம். வளர வளர எனக்கு வேறு வித்தியாசங்கள் தெரிந்தன. உனக்குத் தெரிந்ததா என்று தெரியாது. மேலே இருந்து பார்ப்பவர்களுக்குச் சீக்கிரம் தெரியாது.

நஜீப் மாமா தன் சித்தப்பாவோடு, பித்தானும் ரிப்பனும் நிறைந்த பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு காபித் தோட்டங்களில் நடந்தார். போன ஊரிலெல்லாம் படுக்க ஒரு சொந்தக்காரர் வீடு இருந்தது. லெபனானில் உங்கள் ஊரான ஸாஹ்லேயிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும், மாமா அனுப்பிய பணத்தில் வீட்டுக்குப் போட்ட ஓட்டின் படம் அதில் இருக்கும். என் அப்பா அலெப்போவில் ஓர் அநாதை இல்லத்திலிருந்து வந்தார். துருக்கர்கள் எங்கள் ஆர்மீனிய ஆட்களைக் கொன்று விரட்டியபோது வெறுங்காலோடு பாலைவனத்தில் நடந்து தப்பிய பிள்ளைகளுக்கு அங்கே செருப்புத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்களாம். அப்பாவுக்குக் கடிதம் போட உலகத்தில் யாரும் இல்லை. உங்கள் வீட்டுக்குத் தபால்காரர் வந்தால் அப்பா எட்டிப் பார்ப்பார், தபால்தலையை மட்டும் பார்ப்பார். உங்களுக்குப் பளிங்குப் படி வைத்த கிளப், உங்களோடு சாப்பிட உட்காரும் சட்டமன்ற உறுப்பினர், உங்கள் இனத்திலேயே டாக்டர், வக்கீல். எங்களுக்கு இந்த ஊரில் மூன்றே வீடு. கோயில் வேண்டுமென்றால் ஈஸ்டருக்கு ஒரு முறை சாவோ பாலோவுக்குப் பஸ் ஏற வேண்டும். இதையெல்லாம் அப்பா குறையாகச் சொன்னதில்லை. "அவங்க பிள்ளைங்க வக்கீலாகட்டும், வக்கீலுக்கும் செருப்பு வேணும்ல" என்பார்.

நான்தான் குறையாக வைத்துக்கொண்டேன். உன் பதினைந்தாம் பிறந்தநாளுக்கு வெள்ளைச் செருப்பு நான் தைத்தேன். மூன்று நாள் தைத்தேன். கிளப்பில் கொண்டுவந்து கொடுத்தபோது பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். நீ ஓடி வந்து வாங்கிக்கொண்டாய், கட்டிப்பிடித்தாய். அப்புறம் உன் பள்ளித் தோழிகளிடம் திரும்பி, "எங்க செருப்புக்காரர் பொண்ணு, ரொம்ப நல்லவ" என்றாய். நீ தப்பாகச் சொல்லவில்லை. நான் செருப்புக்காரர் பெண்தான். ஆனால் அந்த "ரொம்ப நல்லவ"வை நான் இரண்டு வருஷமாக வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று பிறகு உனக்குப் புரியும்.

டிசம்பர் எட்டாம் தேதி அந்தச் சீப்பு விவகாரம் வந்தது. ரசீதைக் கொடுத்தால் அரசாங்கம் தரும் பரிசுச் சீட்டுக்காக ஊரே கடைகளில் ரசீது கேட்டு வாங்கிச் சேர்த்த வருஷம். சதுக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் கடையில் காவல்காரர் ஒருவர் சீப்பு வாங்கி ரசீது கேட்டாராம், தகராறில் அந்தக் காவல்காரரின் கால் ஒடிந்ததாம். சாயங்காலத்துக்குள் சதுக்கத்தில் ஒரு கண்ணாடிகூட மிச்சமில்லை என்று பால்காரர் வந்து சொன்னார். "துருக்கனுங்க ஒருத்தனையும் விடமாட்டாங்களாம். நாளைக்கு இந்தப் பக்கம் வராங்க" என்று சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் புதன்கிழமை காலை அப்பா வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு வந்து என்னை எழுப்பினார். அவருக்கு இந்த ஊர் எழுத்து வராது. "எழுதும்மா. இது துருக்கன் கடை இல்ல. நாங்க ஆர்மீனியர், கிறிஸ்தவங்க. பெருசா எழுது." எங்கள் மரக்கதவில் நான் அப்படியே எழுதினேன். இருபத்தைந்து வருஷமாக அப்பா எல்லாரிடமும் சொல்ல நினைத்தது அது. எழுதி முடித்ததும் ரோட்டில் இறங்கி நின்று, எழுத்துத் தெரியாத கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் நீ உங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தாய். தலைகூட வாரவில்லை.

"அராக்ஸி, எங்க ஷட்டர்லயும் எழுதேன். லெபனான், நாங்களும் கிறிஸ்தவங்கதான்னு. உன் எழுத்துதான் அழகா இருக்கும்."

அப்பா உன்னைப் பார்க்காமல் சொன்னார். "பெயின்ட் தீர்ந்துபோச்சும்மா."

டப்பா என் கையில் இருந்தது, நஜ்லா. பாதிக்குமேல் இருந்தது. நான் அதைப் பாவாடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நீ பார்த்தாய் என்று நினைக்கிறேன். எங்கள் கதவு மட்டும் தனியாகத் தெரிய வேண்டும் என்று அப்பா நினைத்தார், அவ்வளவுதான். நான் என்ன நினைத்தேன் என்றால், ஒருமுறையாவது நீ எங்கள் வாசலில் நின்று கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகிறாய் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது.

நஜீப் மாமா வாசலுக்கு வந்து சிரித்தார். "விடு நஜ்லா. எழுத்தைப் படிச்சுட்டு அடிக்கிற கூட்டத்தை நீ எங்க பார்த்திருக்க?" பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தப் போர்டைக் கழற்றினார். அப்பாவைப் பார்த்து, "இப்ப சந்தோஷமா? இனிமே உள்ள வந்து காபி குடிக்கலாம்" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். நீங்கள் ஷட்டரை இறக்கி, இந்த நாட்டுக் கொடியை அதில் கட்டினீர்கள். பார்க்கிறவர்களுக்கு அது யார் கடை என்று தெரியாது. நீங்கள் தப்பித்திருக்க வேண்டியவர்கள், நஜ்லா. அதைத்தான் நான் மூன்றரை மாதமாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு முதலில் சத்தம்தான் வந்தது. அப்பா பின்பக்கப் பட்டறையில் தோலை எல்லாம் உள் அறைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பெயின்ட் ஒழுகி இருந்த ஓர் எழுத்தைத் துணியால் துடைக்க நான் வாசலுக்குப் போயிருந்தேன். திரும்புவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. நம் தெரு ஆட்கள் இல்லை, யாரையும் எனக்குத் தெரியாது. இரும்புக் கம்பி, பெயர்த்த தெருக்கல், ஒருவன் கையில் யாரோ கடையிலிருந்து பிடுங்கிய ஒற்றைக் குடை. முன்னால் நின்றவனுக்கு இடது கையில் சுண்டுவிரல் இல்லை. அவன் கதவில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"ஆர்... மீ... னி... யர். என்னடா இது புது வியாதி?"

"துருக்கன்ல ஒரு ஜாதிடா அது. பூண்டு கொஞ்சம் கூடப் போடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் கல்லை ஓங்கினான். சுண்டுவிரல் இல்லாதவன் அவனைத் தடுத்தான். "இருடா. இல்லைன்னு எழுதியிருக்காங்கல்ல." என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். பீர் நாற்றம். "பயப்படாதே பாப்பா. நீ துருக்கச்சி இல்ல, சரி. அப்ப எவன் துருக்கன்? அதை மட்டும் சொல்லு, போயிடறோம்."

என் வாயிலிருந்து சொல் வரவில்லை. அது வழக்கம்தான். ஆனால் என் வலது கை எழுந்தது. பெயின்ட் துணி இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது. கை எழுந்து, விரல் நீண்டு, உங்கள் ஷட்டரைக் காட்டியது.

நான்தான், நஜ்லா. அந்தக் கை என்னுடையது.

பயத்தில் செய்தேன். பயம் மட்டும்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தக் கிளப்பின் பின்வாசல் என் கையில் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

கூட்டம் திரும்பிய பிறகுதான் அப்பா பட்டறையிலிருந்து ஓடி வந்தார். என்னைத் தாண்டி ரோட்டில் குதித்து, சுத்தியல் இருந்த கையை நீட்டி, "அங்க வேண்டாம்! அங்க போகாதீங்க!" என்று கத்தினார். பயத்தில் எங்கள் ஆர்மீனிய பாஷையில் கத்தினார், ஒருவனுக்கும் புரியவில்லை, உனக்கும் புரிந்திருக்காது. நீ மாடியிலிருந்து எட்டிப் பார்த்தது அந்த நேரத்தில்தான். அப்பா உங்கள் கடையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நிற்பதும், கூட்டம் அங்கே பாய்வதும் உன் கண்ணில் பட்டது. நீ பார்த்ததைத்தான் அன்று ஊரில் இல்லாத ஃபாரிஸிடம் சொன்னாய். நீ பொய் சொல்லவில்லை. உன் மாடியிலிருந்து எங்கள் வாசற்படி தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ மேலிருந்து பார்த்தாய். நான் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். கம்பியைச் செருகி ஷட்டரை நெம்பித் தூக்கினார்கள். உள்ளே நஜீப் மாமா துணி அளக்கும் மரக்கோலைப் பிடித்தபடி நின்றார். அப்போதும் அவர் விளையாட்டை விடவில்லை. "வாங்க வாங்க, தட்டினா திறந்திருப்பேனே, எதுக்கு இந்தச் சிரமம்" என்றார். அந்தக் கோலைப் பிடுங்கி அவர் வாயிலேயே அடித்தார்கள். துணிக் கட்டுகளை ரோட்டில் எறிந்தார்கள். அவை உருண்டு விரிந்து, நீல சாட்டின் எங்கள் வாசல்வரை வந்தது. அதன்மேல் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். வதாத் அத்தையின் தலைமுடியைப் பிடித்து ஒருவன் கல்லாவில் மோதினான். மாமாவைத் தரதரவென்று வாசல்வரை இழுத்து, வலது காலை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டார்கள். சுண்டுவிரல் இல்லாதவன் மேலே தூக்கிய ஷட்டரை விட்டான்.

"ரசீது குடு!"

மறுபடி தூக்கினான். மறுபடி விட்டான். "ரசீது குடு! ரசீது குடு!" எல்லோரும் கைதட்டிக்கொண்டு சேர்ந்து கத்தினார்கள். நான் எண்ணினேன். ஐந்து தடவை. மூன்றாவது தடவைக்குப் பிறகு மாமா கத்துவதை நிறுத்திவிட்டார். காய்ந்த கட்டையைப் பிளக்கிற சத்தம்தான் கேட்டது.

அப்பா அவர்களுக்குள் நுழைந்து சுத்தியலால் ஒருவன் தோளை உடைத்தார். பிறகு அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். இரண்டு பல் போயிற்று, ஒரு காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. அப்புறம் எங்கள் கடைக்குள் வந்தார்கள். கதவில் எழுதியிருந்ததை மறுபடி யாரும் படிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருந்த அத்தனை செருப்பையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் ராணுவம் தெருவில் நின்றபோது, உடைக்க எதுவும் மீதி இல்லை.

ஆஸ்பத்திரிக்கு அப்பா போனார். வாசலிலேயே வதாத் அத்தை அவர் முகத்தில் துப்பினார். "இருபது வருஷம் பக்கத்துல இருந்தீங்களே, கை காட்ட எப்படிய்யா மனசு வந்துச்சு?" அப்பா கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு நின்றார். "என் பொண்ணு" என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. பட்டறையிலிருந்து ஓடி வரும்போது என் கை இன்னும் இறங்காமல் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, அந்தப் பெயின்ட் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்து, அதன் முன்னாலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து வாரத்தில் நீங்கள் கிளம்பினீர்கள். உங்கள் பெரியப்பா சாவோ பாலோவில் கடை ஒதுக்கிக் கொடுத்தார், லாரி வந்தது, உங்கள் சங்கத்து வக்கீல் வந்தார், அந்தச் சட்டமன்ற உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். எங்களுக்கு சாவோ பாலோவிலிருந்து பாதிரியார் ஆறுதல் கடிதம் போட்டார், செருப்புத் தைக்கும் ஒருவர் அரைக் கட்டுத் தோல் அனுப்பினார். பொறாமையில் எழுதவில்லை. உங்கள் லாரி திரும்பும்வரை அப்பா கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களுக்குத் தாங்கிப் பிடிக்க ஆளு இருக்கு. அது போதும்" என்றார்.

ஜனவரிக் கடைசியில் ஒன்று நடந்தது. அதையும் உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்பாவை நான் நல்லவராக மட்டும் காட்டி உன்னை ஏமாற்றக் கூடாது. நாங்கள் கண்ணாடிப் பெட்டியில் இடது கால் செருப்பை மட்டும்தான் வைப்போம், வலது கால் உள்ளே இருக்கும் என்று உனக்குத் தெரியும். கொள்ளையடித்தவர்கள் அத்தனை பேரும் ஒற்றைக் காலைத்தான் கொண்டுபோயிருந்தார்கள். ஒருநாள் காலை ஒருவன் காகிதத்தில் சுற்றிய இடது கால் பூட்ஸோடு வந்தான். "இதுக்கு ஜோடி இருக்குமா முதலாளி? சந்தையில வாங்கினேன்." அந்தக் கையில் சுண்டுவிரல் இல்லை.

அப்பா பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உட்காருங்க, போட்டுப் பார்த்துடலாம்" என்றார். அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, முன்னால் மண்டியிட்டு, அவன் வலது காலை எடுத்து இரும்புக் கட்டைமேல் வைத்தார். வலது கால் பூட்ஸை எடுக்கக் கை நீட்டுகிற மாதிரி நீட்டிச் சுத்தியலை எடுத்து அந்தக் கால்மேல் இறக்கினார். ஒரு தடவைதான். அவன் அலறல் தெருக்கோடி வரை போயிருக்கும். "ரசீது வேணுமா?" என்று கேட்டார். காவல் நிலையத்துக்கு அவன் போகவில்லை. போனால் பூட்ஸ் எங்கே கிடைத்தது என்று கேட்பார்களே. வேலையில் பீப்பாய் விழுந்தது என்று சொல்லிக்கொண்டானாம்.

அன்று முழுவதும் அப்பா ஒரு தையல்கூடப் போடவில்லை. மறுநாள், அலமாரியில் இருந்த நஜீப் மாமாவின் பாத அச்சுக் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இருபது வருஷமாக மாமாவின் செருப்பெல்லாம் அந்த மர அச்சில்தான் தைத்தார். "இந்தக் கால் இப்ப இல்ல. புதுக் காலுக்கு அளவு வேணும்" என்றார். ஃபாரிஸுக்கு என்னை எழுதச் சொன்னார். வந்து அளவெடுக்கலாமா என்று ஒரே ஒரு கேள்வி. மார்ச் பத்தாம் தேதி பதில் வந்தது. இரண்டு பக்கம்.

அப்பா எதிரில் உட்கார்ந்து, "படிம்மா" என்றார். நான் கண்ணால் படித்தேன். கையை ஒடிப்பேன் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தித் தாளை மடித்துவிட்டேன். "வரலாமாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்பா முகம் கழுவிக்கொண்டு போய் பஸ் டிக்கெட் வாங்கி வந்தார்.

பன்னிரண்டு நாள் அதை வைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுச் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். ஃபாரிஸ் எழுதியதையும் சொன்னேன், வாசற்படியில் நான் செய்ததையும் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதே இல்லை. அப்பா ரொட்டியைப் பிட்டுக்கொண்டே கேட்டார், கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு.

"ரெண்டு பக்கத்துல 'வரலாம்'னு ஒரே சொல்லா இருக்கும்? எனக்கு எழுத்துதான் தெரியாது, எண்ணத் தெரியும்."

"அப்ப ஏம்ப்பா டிக்கெட் வாங்கினீங்க?"

"அந்தப் பெயின்ட் தீரலைம்மா. டப்பா நிறைய இருந்துச்சு. அந்தப் பொண்ணு கேட்டப்ப இல்லைன்னு சொன்னது நான்தானே." பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். "பையன் ஒடிக்கணும்னா ஒடிக்கட்டும். ஒருத்தன் காலை உடைச்சவன் நான், அந்த வெறி எனக்குத் தெரியும். ஆனா அளவெடுத்து முடிச்ச பிறகு ஒடிக்கச் சொல்லி எழுது. தாள்ல கோடு கோணலாப் போச்சுன்னா நஜீப்புக்குச் செருப்பு ஆயுசுக்கும் கடிக்கும்."

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். இனி நான் கேட்பது.

நானும் அந்தப் பஸ்ஸில் வருகிறேன். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை, என் டிக்கெட்டை நானே வாங்கிவிட்டேன். காலுக்கு அளவெடுப்பதென்றால் அவர் மாமாவின் முன்னால் மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. தலை குனிந்திருக்கும், கேட்காத காது எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரியாது. அந்தப் பத்து நிமிஷம் நீ கதவருகே நில், நஜ்லா. எனக்காக இல்லை. என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன உரிமை. மாமாவின் காலுக்காக நில். ஃபாரிஸ் அண்ணனுக்கு ஒரு கை வேண்டும் என்றால் நான் வாசலில் நிற்பேன். வலது கை. இதை எழுதுகிற கை.

நஜீப் மாமா மறுபடி எழுந்து நடக்க வேண்டும், அவருடைய சிரிப்பு உங்கள் புதுக் கடைக்குள் கேட்க வேண்டும் என்று தினமும் அம்மா படத்துக்கு முன்னால் சொல்லிக்கொள்கிறேன். வதாத் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இந்தக் கடிதத்தை ஃபாரிஸ் அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. முழுவதும் படி. என்னைப் போல நடுவில் நிறுத்திவிடாதே.

இப்படிக்கு,
பக்கத்துக் கடைச் செருப்புக்காரர் மகள்
அராக்ஸி